பள்ளி வாரியத்தின் ஆண்டு பட்ஜெட்: முதன்முறை பின்தொடரும் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் பெற்றோருக்கு, குளிர்காலம் முடியும் தறுவாயில் பள்ளி மாவட்டத்திலிருந்து, அதாவது அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பிலிருந்து, ஒரு மின்னஞ்சல் வந்து சேரும். அடுத்த கல்வியாண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தைப் பள்ளி வாரியம் பரிசீலிக்கிறது, பொதுமக்கள் கலந்துகொள்ளலாம் என்று அதில் இருக்கும். புதிதாக வந்தவர்களில் பெரும்பாலோர் அதைப் படிக்காமலே விட்டுவிடுகிறார்கள். நாம் வளர்ந்த இடங்களில் பள்ளிக்கான பணம் தலைநகரில் முடிவாகும், பெற்றோரைக் கேட்கும் வழக்கம் கிடையாது. ஆகவே இதையும் ஒரு சம்பிரதாய அறிவிப்பாக எடுத்துக்கொள்வது இயல்பே. ஆனால் இந்நாட்டில் ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் உள்ளன. பெரும்பாலானவற்றில், உள்ளூர் வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த ஐந்து அல்லது ஏழு வாரிய உறுப்பினர்கள்தான் அடுத்த ஆண்டு எத்தனை ஆசிரியர்கள் இருப்பார்கள், நூலகம் எத்தனை நாள் திறந்திருக்கும், பேருந்து எந்தத் தெரு வரை வரும் என்பதையெல்லாம் கைதூக்கி முடிவு செய்கிறார்கள். (ஹவாய் இதற்கு விலக்கு, அங்கே மாநிலம் முழுவதும் ஒரே பள்ளி மாவட்டம்.)

இந்தக் கட்டுரை கணக்காளர்களுக்கானது அல்ல. பட்ஜெட் ஆவணத்தை இதற்கு முன் கையில் எடுத்திராத பெற்றோர் ஒருவர் எதை எப்போது படிக்க வேண்டும், எந்தக் கேள்வியை யாரிடம் எந்த மாதத்தில் கேட்க வேண்டும் என்பதே இதன் பொருள். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நம்மவர்கள் அதிகமாக வாழும் கலிஃபோர்னியா, டெக்சஸ், நியூயார்க், நியூஜெர்சி ஆகிய மாநிலங்களிலிருந்து எடுத்துக்காட்டுகள் தருகிறேன்.

உங்கள் மாவட்டம் எது என்று முதலில் உறுதி செய்யுங்கள்

பள்ளி மாவட்டம் என்பது நகராட்சியின் ஒரு பிரிவு அன்று. பல மாநிலங்களில் அது தனி எல்லையும் தனி வாரியமும் தனி வரி வருவாயும் கொண்ட தனி உள்ளாட்சி அமைப்பு. ஒரே நகரத்துக்குள் இரண்டு மூன்று பள்ளி மாவட்டங்கள் இருப்பதும், தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு மாவட்டமும் உயர்நிலைப் பள்ளிகளுக்கு வேறொன்றுமாக இருப்பதும் சாதாரணம். வீடு சொந்தமானால் சொத்து வரிச் சீட்டிலேயே மாவட்டத்தின் பெயர் இருக்கும். வாடகை வீடானால் பிள்ளையின் சேர்க்கைப் படிவத்தைப் பாருங்கள்.

அடுத்து, யார் என்ன செய்கிறார்கள் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சூப்பரின்டென்டென்ட் என்பவர் வாரியம் நியமிக்கும் தலைமை நிர்வாகி. அவரும் அவருடைய நிதி அலுவலரும் பட்ஜெட்டைத் தயாரிக்கிறார்கள். வாரியம் அதைப் பரிசீலித்து, திருத்தி, ஏற்கிறது. பள்ளி முதல்வருக்குத் தம் பள்ளிக்கு ஒதுக்கப்பட்டதைப் பங்கிடும் அதிகாரம் ஓரளவு உண்டு. எவ்வளவு ஒதுக்கப்படும் என்பதில் அவருக்கு ஓட்டு இல்லை. வகுப்பில் மாணவர் எண்ணிக்கை கூடிவிட்டது என்று முதல்வரிடம் மட்டும் முறையிட்டுவிட்டுக் காத்திருப்பதில் பயன் குறைவு என்பதற்கு இதுவே காரணம்.

நாட்காட்டியைத் தெரிந்துகொள்ளுங்கள், இதுவே மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்

பெரும்பாலான மாநிலங்களில் பள்ளிகளின் நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்கி ஜூன் 30 அன்று முடிகிறது. டெக்சஸில் மாவட்டங்கள் ஜூலை 1 அல்லது செப்டம்பர் 1 என்று தேர்ந்துகொள்ளலாம். பட்ஜெட் நிதியாண்டு தொடங்கும் முன்பே ஏற்கப்பட வேண்டும் என்பதால், அறிவிப்பில் பெரிய எழுத்தில் வரும் கூட்டம் வழக்கமாக மே, ஜூன் மாதங்களில் நடக்கும். புதியவர்கள் அந்தக் கூட்டத்துக்கே போகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். நூலக உதவியாளர் பணியிடத்தை நீக்க வேண்டாம் என்று ஜூன் மாதத்தில் இரண்டு நிமிடம் பேசினேன். வாரியத் தலைவர் நன்றி சொன்னார். பத்தே நிமிடத்தில் பட்ஜெட் ஒருமனதாக நிறைவேறியது. அந்தப் பணியிடம் பிப்ரவரியிலேயே எடுக்கப்பட்டுவிட்டது என்பதும், அந்தப் பிப்ரவரிக் கூட்டத்தில் பொதுமக்கள் வரிசையில் ஒருவரும் இல்லை என்பதும் பின்னர்தான் தெரிந்தது.

ஜூன் மாத வாக்கெடுப்பு அநேகமாக முன்பே எடுத்த முடிவுகளின் கூட்டுத்தொகை. அந்த முடிவுகள் எப்போது எடுக்கப்படுகின்றன என்பதைக் கலிஃபோர்னியாவை வைத்துச் சொல்கிறேன். அக்டோபர் தொடக்கத்தில் மாணவர் எண்ணிக்கை கணக்கெடுக்கப்படும். அக்டோபர் இறுதி வரையிலான வரவு செலவை வைத்து முதல் இடைக்கால அறிக்கையை டிசம்பர் 15-க்குள் வாரியம் ஏற்க வேண்டும். ஜனவரி 10-க்குள் ஆளுநர் மாநில பட்ஜெட் முன்மொழிவை வெளியிடுவார்; பள்ளிகளுக்கு எவ்வளவு வரும் என்ற முதல் மதிப்பீடு அதிலிருந்துதான் கிடைக்கும். அடுத்த ஆண்டு பணி இருக்காது என்று ஆசிரியர்களுக்குச் சொல்வதானால் மார்ச் 15-க்குள் முதற்கட்ட அறிவிப்பு தந்தாக வேண்டும் என்பதால், ஆட்குறைப்பு பற்றிய உண்மையான விவாதம் பிப்ரவரியிலும் மார்ச் முதல் வாரத்திலும் நடக்கிறது. மே நடுவில் ஆளுநரின் திருத்திய முன்மொழிவு வரும். பின்னர் ஜூனில் ஒரு கூட்டத்தில் பொதுக் கருத்துக் கேட்பும், வேறொரு நாளில் வாக்கெடுப்பும் நடக்க வேண்டும்; இரண்டையும் ஒரே நாளில் முடிக்கச் சட்டம் இடம் தருவதில்லை.

நியூயார்க்கில் கதை வேறு. ஐந்து பெரிய நகரங்கள் நீங்கலாக, பட்ஜெட்டை மக்களே நேரடியாக வாக்களித்து ஏற்க வேண்டும். அந்த வாக்கெடுப்பு மே மாதத்தின் மூன்றாம் செவ்வாய்க்கிழமை நடக்கிறது. தோற்றால் ஜூனில் இன்னொரு முறை கேட்கலாம். அதிலும் தோற்றால் சொத்து வரி வசூலை உயர்த்த முடியாத அவசர கால பட்ஜெட்டுக்குள் மாவட்டம் அடங்கியாக வேண்டும். நியூஜெர்சியில் வரி வசூல் உயர்வுக்கு ஆண்டுக்கு 2 சதவீதம் என்ற உச்ச வரம்பு உண்டு. அந்த வரம்புக்குள் நின்று, வாரியத் தேர்தலையும் நவம்பருக்கு மாற்றிக்கொண்ட மாவட்டங்கள் பட்ஜெட்டை மக்கள் வாக்குக்கு விட வேண்டியதில்லை. எந்த மாநிலமானாலும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே: ‘பட்ஜெட் கேலண்டர்’ என்று தலைப்பிட்ட ஒரு பக்கத்தை மாவட்டத்தின் இணையதளத்தில் தேடி எடுத்து, அதன் தேதிகளைக் குடும்ப நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே இல்லையென்றால் நிதி அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள்.

எந்தக் காகிதங்கள் வேண்டும்

கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலும் இணைப்புகளும் முன்கூட்டியே வெளியாகும். கலிஃபோர்னியாவில், பொது அமைப்புகளின் கூட்டங்கள் திறந்தவையாக நடக்க வேண்டும் என்று கூறும் 1953-ஆம் ஆண்டின் பிரவுன் சட்டப்படி வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிரல் வெளியாக வேண்டும். நிரலில் ‘கன்சென்ட்’ என்ற தலைப்பின் கீழ் வருபவை விவாதமின்றி மொத்தமாக நிறைவேறும். அங்கே பல ஒப்பந்தங்கள் சத்தமில்லாமல் கடந்துபோவதுண்டு, ஒரு கண் வைத்திருங்கள்.

முழு பட்ஜெட் புத்தகம் 200 பக்கத்துக்கும் மேல் போகலாம். அதை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கியவர்கள் யாரும் முடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மூன்று பக்கங்களைத் தேடி எடுத்தால் போதும்: பொது நிதியின் ஒரு பக்கச் சுருக்கம், அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்கான கணிப்பு, மாணவர் எண்ணிக்கை அட்டவணை. பொது நிதி ஆவணத்தில் ‘ஜெனரல் ஃபண்ட்’ என்று அச்சாகியிருக்கும். சம்பளமும் அன்றாடச் செலவும் நடப்பது அதிலிருந்துதான். கட்டட நிதி, கடன் தீர்க்கும் நிதி, உணவு நிதி ஆகியவை தனித்தனிப் பெட்டிகள். அவற்றின் பணத்தை நினைத்தபடி பொது நிதிச் செலவுக்கு எடுக்க முடியாது.

இந்தக் கடைசி விஷயத்தைத் தெரியாமல் கூட்டத்தில் பேசுவதுதான் புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. புதிய விளையாட்டரங்கம் எழும்பிக்கொண்டிருக்கும்போது ஆசிரியரை ஏன் நீக்குகிறீர்கள் என்று கேட்கத் தோன்றும். விளையாட்டரங்கம் கட்டும் பணம் கடன் பத்திரத்திலிருந்து வந்தது. வாக்காளர்கள் கட்டடத்துக்கென்று ஒப்புதல் தந்த அந்தத் தொகையிலிருந்து ஆசிரியர் சம்பளம் தரச் சட்டம் அனுமதிப்பதில்லை. கேள்வியில் நியாயம் இருந்தாலும், இப்படிக் கேட்டவுடன் மேடையில் இருப்பவர்கள் உங்களை விவரம் தெரியாதவர் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

வரவைப் படிக்கும் முறை

கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில், நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், பள்ளிகளின் வருவாயில் ஃபெடரல் அரசின் பங்கு ஏறத்தாழ 8 சதவீதம். மீதியை மாநில அரசுகளும் உள்ளூர் வரியும் கிட்டத்தட்ட சரிபாதியாகத் தந்தன. உள்ளூர் வரியில் பெரும்பகுதி சொத்து வரி. வாஷிங்டனில் யார் ஆட்சியில் இருக்கிறார்கள் என்பதைப் பற்றி நாம் பேசும் பேச்சில் பாதியாவது மாநிலச் சட்டமன்றத்தைப் பற்றி இருந்தால் பள்ளிக்குப் பயன்படும்.

மாநிலப் பணம் எதன் அடிப்படையில் வருகிறது என்று கண்டுபிடியுங்கள். பல மாநிலங்களில் சேர்ந்திருக்கும் மாணவர் எண்ணிக்கையே கணக்கு. கலிஃபோர்னியாவிலும் டெக்சஸிலும் அன்றாட வருகையின் சராசரி கணக்கில் எடுக்கப்படுகிறது. குளிர்கால விடுமுறையோடு இன்னும் இரண்டு வாரத்தைச் சேர்த்துக்கொண்டு ஊருக்குப் போய்வரும் நம் வழக்கம் இந்த இரு மாநிலங்களிலும் பள்ளியின் வருவாயைத் தொடுகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கலிஃபோர்னியாவில் பயணத்துக்கு முன்பே பள்ளியிடம் சொல்லி, ‘இன்டிபென்டென்ட் ஸ்டடி’ எனப்படும் தனிக் கற்றல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, தரும் வேலைகளைப் பிள்ளை முடித்துக் கொடுத்தால் அந்த நாள்களை வருகையாகக் கணக்கிட வழி உண்டு. உங்கள் பள்ளி அதை அளிக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கலிஃபோர்னியாவில் 2013 முதல் நடைமுறையில் உள்ள சூத்திரப்படி, ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் அடிப்படைத் தொகை வருகிறது. குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்கும் நிலையில் உள்ளவர்கள், வளர்ப்புக் குடும்பங்களில் இருப்பவர்கள் ஆகியோருக்கு அதில் 20 சதவீதம் கூடுதலாக வரும். வீட்டில் பேசும் மொழி எது என்று சேர்க்கையின்போது கேட்கும் படிவத்தில் தமிழ் என்று எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலத் திறன் தேர்வு வைப்பார்கள் என்று அஞ்சி, ஆங்கிலம் என்று எழுதிவிடும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். அது பிள்ளைக்கும் நல்லதல்ல, கணக்குக்கும் நல்லதல்ல. குடும்ப வருமானப் படிவத்தை நிரப்பாமல் விடுவதும் அப்படியே.

இதற்கும் ஒரு விலக்கு உண்டு. சொத்து மதிப்பு மிக அதிகமான சில கலிஃபோர்னிய மாவட்டங்களில், உள்ளூர் சொத்து வரியே சூத்திரம் தரும் தொகையைத் தாண்டிவிடும். பாலோ ஆல்டோ அப்படிப்பட்டது. அங்கே மாணவர் கூடினால் அதற்கேற்பப் பணம் கூடாது. டெக்சஸில் நிலைமை நேர் எதிர். சொத்து வளம் மிக்க மாவட்டங்களின் வருவாயில் ஒரு பகுதியை மாநிலம் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு 1993 முதல் இருக்கிறது, மக்கள் அதை ராபின் ஹூட் என்றே அழைக்கிறார்கள். எனவே வீட்டு விலை ஏறுகிறதே, பள்ளிக்குப் பணம் கொட்டுமே என்ற கணக்கு எல்லா இடத்திலும் செல்லாது.

மாணவர் எண்ணிக்கை ஏன் இத்தனை முக்கியம் என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குகிறேன். 8,000 மாணவர்கள் உள்ள ஒரு மாவட்டத்தில் ஓராண்டில் 200 பேர் குறைகிறார்கள், ஒருவருக்கு 12,000 டாலர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இழப்பு 24 லட்சம் டாலர். ஆனால் வகுப்புக்கு 25 பேர் வீதம் அங்கே 320 வகுப்பறைகள் இருக்கும். அந்த 200 பேர் எல்லாப் பள்ளிகளிலும் எல்லா வகுப்புகளிலுமாகச் சிதறிக் குறைவதால், ஓர் அறைக்கு ஒரு பிள்ளைகூட முழுதாகக் குறையாது. மூடக்கூடிய அறை ஏதும் இல்லை, பேருந்து அதே தூரம் ஓடுகிறது, வெப்பமூட்டும் செலவு அதேதான். பிள்ளைகள் குறைந்தால் செலவும் குறைய வேண்டியதுதானே என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்; வாரியங்கள் பள்ளிகளை மூடுவது பற்றிப் பேசத் தொடங்குவதற்குப் பின்னாலும் இந்தக் கணக்குதான் இருக்கிறது.

செலவைப் படிக்கும் முறை

பள்ளிகளின் நடைமுறைச் செலவில் ஏறத்தாழ 80 சதவீதம் சம்பளமும் அதைச் சார்ந்த மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் போன்றவையும் ஆகும். காகிதத்தையும் மின்சாரத்தையும் மிச்சப்படுத்திப் பற்றாக்குறையை அடைத்துவிட முடியாது. பற்றாக்குறை என்று வாரியம் சொன்னால் அது கடைசியில் ஆள்களைப் பற்றிய பேச்சாகவே முடியும். ஆகவே டாலர் பத்தியைவிடப் பணியிடப் பத்தியை முதலில் பாருங்கள். ஆவணத்தில் ‘எஃப்டிஇ’ என்று இருப்பது முழு நேரப் பணியிடங்களின் எண்ணிக்கை, 0.5 என்றால் அரை நேரப் பணி. சென்ற ஆண்டு எண்ணிக்கையையும் இந்த ஆண்டு எண்ணிக்கையையும் அருகருகே எழுதிக்கொண்டால், எந்தப் பள்ளியில் எந்தப் பணி கூடியது, எது குறைந்தது என்பது புலப்பட்டுவிடும்.

சிறப்புக் கல்விச் செலவைத் தனியாகப் பாருங்கள், ஆனால் எச்சரிக்கையோடு பேசுங்கள். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்குப் பொருத்தமான கல்வி தருவது 1975-ஆம் ஆண்டின் ஃபெடரல் சட்டம் விதித்த கட்டாயம். அப்படிப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும், ஒரு மாணவருக்கு ஆகும் தேசிய சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை தருவதாகச் சொன்ன ஃபெடரல் அரசு அந்த அளவை ஒருபோதும் எட்டியதில்லை. மீதியைப் பொது நிதியிலிருந்து ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. இந்தத் தொகையைச் சுட்டிக்காட்டிப் பேசுபவர்கள் சிலர், அந்தப் பிள்ளைகளின் பெற்றோரும் அதே அறையில் உட்கார்ந்திருப்பதை மறந்துவிடுகிறார்கள். பணம் தராத அரசைக் கேளுங்கள். பிள்ளைகளைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

அடுத்தது, ஒரு முறை மட்டும் வரும் பணத்தைக் கொண்டு ஆண்டுதோறும் தொடரும் செலவைத் தொடங்கியிருக்கிறார்களா என்பது. கொரோனா நிவாரணமாக 2020, 2021 ஆண்டுகளில் நிறைவேறிய மூன்று சட்டங்கள் வழியாக ஏறத்தாழ 19,000 கோடி டாலர் பள்ளிகளுக்கு ஒதுக்கப்பட்டது. கடைசித் தவணையைச் செலவுக்கு உறுதி செய்வதற்கான கெடு 2024 செப்டம்பர் 30. அந்தப் பணத்தில் காற்றோட்டக் கருவி வாங்கிய மாவட்டங்கள் வாங்கிவிட்டு நிம்மதியாக இருந்தன. ஆலோசகர்களையும் உதவி ஆசிரியர்களையும் நிரந்தரமாக அமர்த்தியவை, கெடு முடிந்தபின் அந்தச் சம்பளத்துக்கு வேறு வழி தேட வேண்டியதாயிற்று. இன்றும் புதிய திட்டம் எதுவும் அறிவிக்கப்படும்போது, இதற்கான பணம் எத்தனை ஆண்டு வரும், அதன்பின் எங்கிருந்து வரும் என்ற ஒரே கேள்வியைக் கேட்டால் போதும்.

கையிருப்பு

ஆண்டு முடிவில் மீதமிருக்கும் தொகை ‘எண்டிங் ஃபண்ட் பேலன்ஸ்’ என்று அச்சாகியிருக்கும். இவ்வளவு பணம் இருக்கும்போது ஏன் வெட்டுகிறீர்கள் என்று தொழிற்சங்கமும், போதாது என்று நிதி அலுவலரும் ஆண்டுதோறும் மோதிக்கொள்வது இந்த எண்ணைச் சுற்றியே. இரு தரப்பிலும் உண்மை இருக்கும். அந்தத் தொகையில் ஒரு பகுதி குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று வந்தது, தொட முடியாது. கலிஃபோர்னியாவில் 1,001 முதல் 30,000 வரை வருகைச் சராசரி உள்ள மாவட்டங்கள் செலவில் குறைந்தது 3 சதவீதத்தைக் கையிருப்பாக வைத்திருக்க வேண்டும். அரசு நிதி அலுவலர்களின் தேசிய சங்கமோ இரண்டு மாதச் செலவளவு இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகப் பெரியது.

ஓர் ஆண்டின் கையிருப்பு எண்ணை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. மூன்றாண்டுக் கணிப்பில் அது எப்படிச் செல்கிறது என்று பாருங்கள். ஆண்டுக்கு ஆண்டு கரைந்து மூன்றாம் ஆண்டில் மறைந்துவிடுகிறது என்றால், இந்த ஆண்டு பட்ஜெட் சமநிலையில் இருப்பதாகச் சொல்வதற்குப் பொருள் குறைவு. இதற்கு நேர்மாறாக, ஒவ்வோர் ஆண்டும் குறையும் என்று கணித்து ஒவ்வோர் ஆண்டும் கூடிக்கொண்டே போகும் மாவட்டங்களும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க, பழைய பட்ஜெட்டில் கணித்த தொகையை அதே ஆண்டின் தணிக்கை அறிக்கையில் உள்ள உண்மைத் தொகையோடு ஒப்பிட வேண்டும். இரண்டுமே பொது ஆவணங்கள். ஒரு மாலைப் பொழுதில் முடியும் இந்த வேலையைச் செய்துவிட்டுக் கூட்டத்துக்கு வரும் பெற்றோர் மிகக் குறைவு. செய்துவிட்டு வருபவரின் பேச்சை அறை அமைதியாகக் கேட்கும்.

பேசும் முறை

பொதுமக்கள் பேசும் நேரம் ஒருவருக்கு இரண்டு அல்லது மூன்று நிமிடம். பேசுவதற்குக் குடியுரிமை தேவையில்லை. பணி விசாவில் இருப்பவரும் பேசலாம். வாரியத் தேர்தலில் வாக்களிப்பதுதான் அநேகமாக எல்லா இடங்களிலும் குடிமக்களுக்கு மட்டும் உரியது. குடிமக்கள் அல்லாத பெற்றோருக்கும் வாரியத் தேர்தலில் வாக்குரிமை தரும் தீர்மானத்தை சான் ஃபிரான்சிஸ்கோ வாக்காளர்கள் 2016-இல் ஏற்றார்கள். அது அரிதான விதிவிலக்கு.

நீங்கள் கேட்கும் கேள்விக்கு வாரியத்தினர் மேடையிலிருந்து பதில் சொல்லாமல் அடுத்தவரைக் கூப்பிட்டால் மனம் தளர வேண்டாம். நிரலில் இல்லாத பொருளைப் பற்றி விவாதிக்கத் திறந்த கூட்டச் சட்டங்கள் அவர்களைக் கட்டுப்படுத்துகின்றன. பதில் வேண்டுமென்றால் கூட்டத்துக்கு நான்கைந்து நாள் முன்பே ஓர் உறுப்பினருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். கேள்வி நன்றாக இருந்தால் அவரே அதைக் கூட்டத்தில் நிதி அலுவலரிடம் கேட்பார், பதில் பதிவாகும். மின்னஞ்சலில் ஒரே ஒரு கேள்வி இருக்கட்டும், பக்க எண்ணையும் குறிப்பிடுங்கள். “47-ஆம் பக்கத்தில் ஆலோசகர் பணியிடம் 12-இலிருந்து 9 ஆகக் குறைகிறது, எந்தப் பள்ளிகளில் குறைகிறது, அதற்கு முன் வேறு எதைக் குறைக்கப் பரிசீலித்தீர்கள்?” என்பது போன்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. கல்விதான் முக்கியம், அதில் கைவைக்காதீர்கள் என்று பேசினால் எல்லோரும் தலையசைப்பார்கள், எதுவும் மாறாது.

உச்சரிப்பு பற்றிக் கூச்சப்பட்டுப் பேசாமல் இருப்பவர்கள் எழுதிக்கொண்டு போய்ப் படிக்கலாம்; அங்கே பாதிப் பேர் அப்படித்தான் படிக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமானால் முன்கூட்டியே கேளுங்கள்.

நிறைவேறிய பிறகு

ஜூன் மாதத்தில் ஏற்கப்படும் பட்ஜெட் ஒரு மதிப்பீடு. மாநில பட்ஜெட் இறுதியான பின்னும், இலையுதிர் காலத்தில் மாணவர் எண்ணிக்கை தெரிந்த பின்னும் அது திருத்தப்படும். கலிஃபோர்னியாவில் டிசம்பரிலும் மார்ச்சிலும் வரும் இடைக்கால அறிக்கைகளில், நடப்பாண்டிலும் அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் கடமைகளைத் தீர்க்க முடியுமா என்று மாவட்டமே சான்று தர வேண்டும். முடியும் என்றால் ‘பாசிட்டிவ்’, முடியாமல் போகலாம் என்றால் ‘குவாலிஃபைட்’, முடியாது என்றால் ‘நெகட்டிவ்’. டிசம்பர் கூட்டத்துக்குப் பொதுவாக யாரும் வருவதில்லை. முதல் ஆண்டில் ஒரே ஒரு கூட்டத்துக்குத்தான் நேரம் ஒதுக்க முடியும் என்றால் அதற்கே போங்கள்: ஜூனில் எடுத்து வைத்த மூன்று பக்கங்களையும் கையில் கொண்டு போய், அன்று திரையில் காட்டும் எண்களை அவற்றின் ஓரத்திலேயே எழுதிக்கொண்டு வாருங்கள். பிப்ரவரியில் கேட்க வேண்டிய கேள்வி அந்த ஓரத்தில் இருக்கும்.